‘கொஞ்சம் பேசணும்’

எல்லோருக்கும் வணக்கம். முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. என் குழுவில் இருந்த பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ‘திங்கட்கிழமை வந்ததும் கொஞ்சம் பேசணும்’ என்று தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். ‘சரி சார், எதைப் பற்றி?’ என்று உடனே கேட்டார். பார்த்தேன், நீல டிக்கும் விழுந்தது. அப்புறம் ஏதோ வேலையில் மறந்துபோனேன்.

திங்கட்கிழமை கையில் ஒரு நோட்டோடு வந்தார். மூன்று மாதத்தில் தான் செய்த தவறுகளைத் தேதி போட்டு எழுதியிருந்தார். மொத்தம் 11. அதில் 8 எனக்குத் தெரியவே தெரியாது! நான் பேச நினைத்தது என்ன? புதிதாகச் சேர்ந்தவருக்கு இரண்டு நாள் வேலை கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்க. ஒருவிதத்தில் அது பாராட்டு. அவருக்கோ இரண்டு ராத்திரித் தூக்கம் போனது.

எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது. படிப்பவருக்கு அது கேட்பதில்லை. 2005-இல் உளவியல் ஆய்வாளர் ஜஸ்டின் குரூகர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். மின்னஞ்சலில் எது கிண்டல், எது நிஜம் என்பதை எதிராளி நூற்றுக்கு 78 முறை சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். பிடித்தது 56 முறைதான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும். இதில் மேலதிகாரி என்ற பதவியும் சேர்ந்துகொண்டால், புரியாத இடத்தையெல்லாம் பயம்தான் நிரப்பும்.

ராத்திரிச் செய்தியும் அப்படித்தான். ‘தோன்றியதும் அனுப்பிவிட்டேன், காலையில் பார்த்தால் போதும்’ என்பார்கள். அதை மனதுக்குள்ளேயே சொல்லிக்கொள்கிறார்கள், செய்தியில் எழுதுவதில்லை. அனுப்புபவர் எதிர்பார்ப்பதைவிட வேகமாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் பெறுபவர் நினைக்கிறார். லாரா கியூர்ஜ், வனெஸா பான்ஸ் இருவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அவசரமில்லை என்று ஒரு வரி சேர்த்தாலே அந்த இடைவெளி குறைகிறது என்றும் கண்டார்கள். ஒரே ஒரு வரி. அதை எழுதத்தான் நமக்குக் கை வருவதில்லை.

வேலை நேரம் முடிந்தபின் தொடர்பு கொள்வதைப் பற்றி பிரான்ஸில் 2017 முதலும், ஆஸ்திரேலியாவில் 2024 முதலும் சட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் பகல் 11 மணிக்கு, குழுவில் 30 பேர் பார்க்க, ‘இது யார் செய்த வேலை?’ என்று கேட்கிற மேலாளரை எந்தச் சட்டமும் தொடாது. அங்கே திட்டு வாங்குபவர் ஒருவர், வாயை மூடிக்கொள்பவர்கள் 29 பேர். அடுத்த தப்பு நடக்கும்போது உங்களிடம் சொல்ல ஒருவரும் வர மாட்டார்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துக்கொண்டே ‘பரவாயில்லை சார்’ என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் மாறியும்விட்டேன்: ‘பக்கம் 4-இல் ஒரு எண்ணைச் சரிபார்க்கணும், நாளைக்குப் போதும்’ என்று விஷயத்தைச் சேர்த்தே அனுப்பினேன். ஆனாலும் ஆறேழு மாதம் வரை, நான் எதை அனுப்பினாலும் அவரிடமிருந்து முதலில் வந்த பதில் ஒன்றுதான்: ‘ஏதாவது பிரச்சினையா சார்?’