ஒரு மனையில் நான்கு வீடு: கலிஃபோர்னியாவின் எஸ்.பி. 9 சட்டம்

[திரையில்: மேலிருந்து ஒரு மனை. முன்னால் பழைய வீடு, பின்னால் புல்தரை]

50 அடி அகலம், 100 அடி நீளம். 5,000 சதுர அடி. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட மனையில் முன்பு ஒரு குடும்பத்துக்கான வீடுதான் வரலாம், மிஞ்சிப்போனால் சிறிய துணை வீடு. எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று சொல்லும் மண்டல விதி, பல ஊர்களில் இப்படித்தான் இருந்தது. ஆளுநர் கேவின் நியூசம் 2021 செப்டம்பரில் கையெழுத்திட்ட எஸ்.பி. 9 (செனட் மசோதா 9) அதை மாற்றியது. 2022 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது.

தனிவீட்டு மண்டலத்தில் மனையை இரண்டாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் இரண்டு வீடு கட்டலாம். அதைவிட முக்கியம், பொது விசாரணை கிடையாது. விதிகளுக்குப் பொருந்தினால் நகராட்சி அனுமதி கொடுத்தே ஆகவேண்டும். சட்டத்தின் உயிர் இங்கேதான்.

[திரையில்: மனையின் குறுக்கே ஒரு கோடு]

சிறிய துண்டு மொத்தத்தில் 40 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. நம் மனையில் அது 2,000 சதுர அடி. எந்த மனையானாலும் ஒவ்வொரு துண்டும் பொதுவாக 1,200 சதுர அடியாவது இருக்கவேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் 4 அடிக்கு மேல் இடைவெளி விடச்சொல்லி நகராட்சி கேட்க முடியாது. தலா 800 சதுர அடியில் இரண்டு வீடு கட்டவிடாமல் தடுக்கும் விதியும் செல்லாது.

சிக்கல் பெரும்பாலும் சந்தில்தான். பின்மனைக்குத் தெருவிலிருந்து வழி வேண்டும் என்று கேட்க நகராட்சிக்கு உரிமை உண்டு. முன்வீட்டின் பக்கவாட்டில் 5 அடிதான் இருந்தால் ஆள் நடக்கலாம், வண்டி நுழையாது. அதனால் வரைபடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தச் சந்தின் அகலத்தை அளந்துவிடுங்கள்.

கடந்த மூன்று ஆண்டுகளில் வாடகைக்கு ஆள் குடியிருந்த வீட்டை இதற்காக இடிக்கமுடியாது. மனையைப் பிரிப்பவர், அங்குள்ள ஒரு வீட்டில் மூன்று ஆண்டு தானே குடியிருக்க உத்தேசித்திருப்பதாக உறுதிமொழிப் பத்திரம் தரவேண்டும். வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் சம்மதத்தை முதலிலேயே வாங்குங்கள், அடமானம் முழு மனைமேலும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கத்தின் ஒப்பந்தம் தடை போட்டிருந்தால் எஸ்.பி. 9 அதை நீக்காது.

[திரையில்: வுட்சைடு, சான் மட்டேயோ மாவட்டம்]

ஊர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. வுட்சைடு ஊர் முழுவதும் பாதுகாக்கவேண்டிய மலைச்சிங்கம் வாழும் இடம், அதனால் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று 2022 தொடக்கத்தில் அந்த ஊர் நிர்வாகம் அறிவித்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் ராப் போன்டா கடிதம் எழுதியதும் பின்வாங்கியது. உள்ளூர் விஷயங்களைத் தாமே முடிவுசெய்யத் தனி சாசனம் கொண்ட ஐந்து நகரங்கள் எஸ்.பி. 9-ஐ எதிர்த்து வழக்குப் போட்டு, 2024 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் வென்றன. அதே ஆண்டு எஸ்.பி. 9-க்கு எஸ்.பி. 450 என்ற திருத்தம் வந்தது.

அதன்படி 2025 ஜனவரி முதல், முழுமையான விண்ணப்பம் கைக்கு வந்த 60 நாளில் நகராட்சி முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். மறுத்தால் என்னென்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்று முழுப் பட்டியலையும் எழுத்தில் தரவேண்டும். ஆகவே விண்ணப்பம் கொடுத்த தேதிக்கான ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 60 நாள் கணக்கை நிரூபிக்க அதுதான் சான்று.