இருபதாவதாக வந்தவருக்காக ஒரு வாதம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"வீராங்கனைக்குப் பெருமை உச்சத்தில் விடைபெறுவதிலா, களத்தில் நீடிப்பதிலா?" என்ற இவ்வழக்கில், நீடிப்பதிலேயே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், ஜெர்மனியின் விரைவுப் பனிச்சறுக்கு (ஸ்பீடு ஸ்கேட்டிங்) வீராங்கனை கிளாவ்டியா பெக்ஸ்டைனைத் தம் சான்றாக முன்வைத்தார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 3,000 மீட்டர் போட்டியில் 20 பேரில் 20-ஆவதாக வந்த அவர், 2006-இல் தம் ஐந்தாவது தங்கத்தோடு விலகியிருந்தால் அந்தக் காட்சியை நாம் காண நேர்ந்திருக்காதே என்று வருந்தினார். அவருடைய சாட்சியையே என் சாட்சியாகவும் அழைக்கிறேன்.

அந்தப் போட்டியில் தங்கம் வென்றவர் நெதர்லாந்தின் ஐரீன் ஸ்கவுட்டன். அவர் பிறந்தது 1992 ஜூனில். பெக்ஸ்டைன் ஆல்பர்வில் நகரில் தம் முதல் ஒலிம்பிக் பதக்கமான வெண்கலத்தைப் பெற்றதோ அதே ஆண்டு பிப்ரவரியில். தாம் பதக்கம் வாங்கியபோது இன்னும் பிறந்திராத ஒருவருடன், ஐம்பதாவது பிறந்த நாளுக்கு இரண்டரை வாரமே இருக்கையில் அதே பனித்தளத்தில் ஓடியதைத் தோல்வி என்று எழுதி மூடிவிட என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். பெய்ஜிங்கில் ஸ்கவுட்டன் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 56.93 விநாடி. அதற்குச் சரியாக 20 ஆண்டுகளுக்கு முன், 2002-இல், சால்ட் லேக் சிட்டியில் பெக்ஸ்டைன் உலக சாதனையோடு தங்கம் வென்ற நேரம் 3 நிமிடம் 57.70 விநாடி. சால்ட் லேக் தளம் 1,400 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், காற்றின் தடை குறைந்த இடத்தில் இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே ஒரு விநாடிகூட இல்லை.

நீடிப்பதென்றால் பழையதையே செய்துகொண்டிருப்பது என்று எதிரணியினர் எண்ணுகிறார்கள் போலும். 1990-களின் பிற்பகுதியில், குதிகாலடியில் அலகு (பிளேடு) தனியே விலகி, கால் விரல் பக்கத்தில் மட்டும் கீலால் இணைந்திருக்கும் புதிய சறுக்குக் காலணி இவ்விளையாட்டையே புரட்டிப்போட்டது. அலகு பனியில் கூடுதல் நேரம் படிந்திருப்பதால் உந்துதல் நீள்கிறது. ஆனால் உடம்பில் பல்லாண்டுகளாக ஊறிய அடிவைப்பை அப்படியே மறந்து, புதிதாகப் பழக வேண்டும். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில் பழைய காலணியால் 5,000 மீட்டர் தங்கத்தை வென்ற பெக்ஸ்டைன், 1998 நாகானோ ஒலிம்பிக்கில் புதிய காலணியால் அதே தங்கத்தை மீண்டும் வென்றார். சக ஜெர்மன் வீராங்கனை குண்டா நீமன்-ஸ்டிர்னமனை அவர் முந்தியது 0.04 விநாடியில்! அத்தூரத்திலேயே 2002-இல் மூன்றாவது தங்கமும் வந்தது.

எதிரணித் தலைவர் 2009-ஐத் தொடவில்லை, நான் தொடுகிறேன். இரத்தத்தில் இளம் சிவப்பணுக்களின் அளவு மாறுபட்டதாகக் கூறி, ஊக்கமருந்துச் சோதனை எதிலும் சிக்காத அவருக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. பரம்பரையாக வந்த இரத்த இயல்பே காரணம் என்று அவர் வாதாடினார். விளையாட்டு நடுவர் மன்றம் தடையை உறுதிசெய்தது. அவ்விசாரணையைப் பொதுவில் நடத்த மறுத்தது அவரது உரிமையை மீறிய செயல் என்று 2018-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடை சரியா தவறா என்று அது சொல்லவில்லை. ஆனால் 2011-இல் தடை முடிந்தபோது 39 வயதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், எல்லாரும் ஐயத்தோடு பார்க்கும் களத்துக்குத் திரும்பி, அடுத்த மாதமே இன்ட்செல் உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார் என்பது மறுக்க முடியாத செய்தி. பின்னர் 2014 சோச்சியில் 3,000 மீட்டரில் நான்காமிடம். 45 வயதில், 5,000 மீட்டர் உலகக் கோப்பைப் போட்டி ஒன்றில் முதலிடம். உச்சத்தில் விலகியிருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது.

எட்டுக் குளிர்கால ஒலிம்பிக்குகளில் பங்கேற்ற முதல் பெண் என்ற நிலையில், பெய்ஜிங் தொடக்க விழாவில் தம் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்தவர்களில் அவரும் ஒருவர். எதிரணித் தலைவர் அந்த 20-ஆவது இடத்தோடு கதையை நிறுத்திவிட்டார். அதற்கு இரண்டு வாரம் கழித்து, அனைவரும் ஒன்றாகப் புறப்பட்டு 16 சுற்றுகள் ஓடும் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு அவர் தகுதிபெற்று, ஒன்பதாவதாக முடித்தார். அன்றைக்கு அவருக்கு ஐம்பது நிறைய மூன்றே நாள் இருந்தது. நடுவர் அவர்களே, தீர்ப்பு எழுதும்போது அந்தப் பதினாறு சுற்றுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.