செயற்கை நுண்ணறிவும் முதலாளியின் கையெழுத்தும்

(யாழ்ப்பாணத்தில் வர்த்தகர்களும் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தினரும் கூடியிருந்த அவையில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். முன்வரிசையில் கஸ்தூரியார் வீதி நகைக்கடை முதலாளிமார் இருக்கிறீர்கள். பின்னால் கொக்குவில், திருநெல்வேலிப் பக்கம் மென்பொருள் நிறுவனம் நடத்தும் பிள்ளைகள் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருடைய கந்தோருக்குள்ளும் செயற்கை நுண்ணறிவு ஏற்கெனவே வந்துவிட்டது. நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டீர்கள். கணக்கு எழுதும் தங்கச்சியின் போனில் அது வந்து சேர்ந்திருக்கும்.

மாதக் கடைசியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சம்பளப் பட்டியல் தயாராகிறது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், வங்கிக் கணக்கு, யார் எவ்வளவு முற்பணம் எடுத்தார் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு. எக்செலில் கூட்டல் ஒத்துவரவில்லை. முதலாளி பின்னால் நின்று அவசரப்படுத்துகிறார். அந்தப் பிள்ளை முழுப் பட்டியலையும், கேள்விக்குப் பதில் எழுதும் இலவசச் செயலியான சாட்பொட்டில் ஒட்டி, பிழை எங்கே என்று கேட்கிறது. பிழை உடனே அகப்பட்டுவிடும். ஆனால் உங்கள் ஊழியர்களின் விவரம் இப்போது கடல் கடந்து வேறொரு கம்பனியின் கணினியில் இருக்கிறது. அந்தச் செயலியின் அமைப்புகளை மாற்றி வைக்காவிட்டால், சில சேவைகளில் அது அடுத்த செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றுவிக்கவும் போகலாம்.

பெயரை அழித்துவிட்டுத்தான் போட்டோம் என்று சிலர் சொல்வார்கள். நமது புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எடுத்துப் பாருங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெயர் இல்லாமலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் கடையில் ஆளைக் கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? ஆகவே பெயரோடு இலக்கத்தையும் நீக்குங்கள். முடிந்தால் பொய்த் தரவில் ஒரு மாதிரிப் பட்டியல் செய்து அதைக் கொடுத்துக் கேளுங்கள்.

இதற்கு நமது நாட்டில் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் முக்கியமான கடமைகள் 2025 மார்ச் 18 அன்று நடைமுறைக்கு வருவதாக இருந்து பிற்போடப்பட்டன. பிற்போட்டதுதானே என்று இருந்துவிடாதீர்கள். ஒரு மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. தரவை எதற்காகச் சேகரித்தோமோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, நாட்டுக்கு வெளியே அனுப்பும்போது அதற்குரிய விதியைப் பார்க்க வேண்டும். மருத்துவ விவரம், கைரேகை, முகப் பதிவு போன்றவற்றுக்கு இன்னும் கூடிய கவனம் தேவை. கைரேகை வைத்து வரவு பதியும் கடைகள் இந்த நகரில் எத்தனை இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. முழுக்கத் தன்னியக்கமாக எடுத்த முடிவு ஒரு மனிதரின் உரிமையைப் பெரிதாகப் பாதித்தால், அதை மீளாய்வு செய்யும்படி அவர் கேட்கலாம். கடன், லீசிங் நிறுவனத்தார் இதைக் கவனமாகக் கேளுங்கள். பல தடவை இடம்பெயர்ந்த ஒரு குடும்பத்திடம் தொடர்ச்சியான வங்கிப் பதிவு இருக்காது. ஒரே முகவரியில் பத்து வருடம் இருந்த சான்றும் இருக்காது. கடன் கொடுக்கலாமா என்று புள்ளி போட, கொழும்பிலோ வெளிநாட்டிலோ பயிற்றுவித்த மென்பொருளுக்கு அந்தக் குடும்பம் நம்பத்தகாததாகத் தெரியும். சரி, மென்பொருள் மறுத்துவிட்டது. ஏன் மறுத்தது என்று அந்த அம்மா வந்து கேட்டால், உங்கள் கிளையில் கோப்பைத் திறந்து பார்த்து முடிவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஒருவரிடமும் இல்லையென்றால் அந்த மென்பொருளை வாங்காதீர்கள்.

பொறி சொன்னதற்கு நான் எப்படிப் பொறுப்பு என்று கேட்பவர்களுக்குக் கனடாவில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். பாட்டியின் மரணத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, எயார் கனடாவின் இணையத்தள சாட்பொட், துக்கக் கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் கேட்கலாம் என்று பிழையாகச் சொல்லிவிட்டது. சாட்பொட் தனியானது, அதன் செயலுக்கு அதுவே பொறுப்பு என்கிற அளவுக்கு நிறுவனம் வாதாடியது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையத்தளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனம்தான் பொறுப்பு என்று சொல்லி, பணம் கொடுக்க உத்தரவிட்டது. அது நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் தவறான தகவலால் வாடிக்கையாளரை ஏமாறச் செய்வது இங்கேயும் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில் குற்றம். வட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் பொட், பனங்கட்டி நீரிழிவைக் குணமாக்கும் என்று எழுதினால், அது உங்கள் கடை சொன்னதுதான். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை குத்துவிக்கிறோம் அல்லவா, அதுபோல அந்தப் பொட்டையும் இடைக்கிடை நீங்களே வாடிக்கையாளராக இருந்து கேள்வி கேட்டுச் சோதியுங்கள். விலை, உத்தரவாதம், உடல்நலம் பற்றிய கேள்வி வந்தால் மனிதரிடம் மாற்றிவிடும்படி அமையுங்கள்.

அடுத்தது, எனக்கு உண்மையில் கவலை தரும் விடயம். சட்ட ஆவணங்களைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதுவிப்பது. தமிழில் கேட்டால் பெரும்பாலும் தமிழ்நாட்டு நடைமுறைதான் வந்து விழுகிறது. இணையத்தில் தமிழில் இருப்பதில் கூடிய பங்கு அங்கிருந்து வந்தது. கடை வாடகை ஒப்பந்தம் ஒன்றைக் கேட்டால், சார்பதிவாளர் அலுவலகம், முத்திரைத்தாள், ஜிஎஸ்டி என்று அழகாக எழுதித் தரும். படிக்கச் சரியாகவே இருக்கும். ஆனால் நமக்கு 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, ஆவணங்களை எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. ஐந்து வருடக் குத்தகை என்று நம்பிக் கடையை உள்ளே உடைத்துக் கட்டியவர், கடைச் சொந்தக்காரர் எழும்பு என்றால் எழும்ப வேண்டியதுதான்.

காணி விற்பனை என்றால் இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அந்த விதி மாற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் மாறும் வரைக்கும் அது சட்டம். கூட்டு உரித்தாளருக்கு முதலில் வாங்கும் உரிமையும் இருக்கிறது. இதையெல்லாம் கேட்காத பொறியிடம் காணி உறுதி எழுதுவிப்பது ஆபத்து. வரைவு எடுங்கள், தவறில்லை. அப்புறம் நொத்தாரிசிடம் கொண்டுபோங்கள். நியூயோர்க்கில் 2023இல் சாட்ஜிபிடி கற்பனையாகத் தந்த வழக்குகளை மனுவில் சேர்த்த சட்டத்தரணிகளுக்கு 5,000 டொலர் தண்டம் விழுந்தது. என் தொழிலில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும்.

வடிவமைப்புச் செய்கிறவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. நமது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் ஆக்கியவர் என்று சொல்வது இயற்கையான மனிதரை. பொறி முழுதாக வரைந்த சின்னத்துக்குப் பதிப்புரிமை கேட்பது கடினம். அதனால் அதை வியாபாரக் குறியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு வேலை செய்யும் மென்பொருள் பிள்ளைகளே, ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஓகஸ்ட் 1இல் அமுலுக்கு வந்தது, கடமைகள் படிப்படியாகத் தொடங்குகின்றன. உங்கள் பொறி தரும் விடை அங்கே பாவிக்கப்பட்டால், நீங்கள் கொக்குவிலில் இருந்தாலும் அது உங்களைத் தொடலாம். பாரிஸ் வாடிக்கையாளர் அனுப்பும் ஒப்பந்தத்தில் பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் என்று ஒரு பந்தி இருக்கும். கையெழுத்துக்கு முன் அந்தப் பந்திக்கு ஒரு உச்சத் தொகை கேளுங்கள்.

நீங்கள் சேவை வாங்கும்போதும் எழுத்தில் கேளுங்கள்: தரவு எந்த நாட்டில் இருக்கும், பயிற்சிக்கு எடுப்பார்களா, கசிந்தால் எத்தனை நாளில் அறிவிப்பார்கள், விலகும்போது அழித்துத் தருவார்களா. பதில் தராத நிறுவனத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். இன்று கந்தோருக்குப் போனதும் ஒரு தாளில், தமிழில், எந்தச் செயலியைப் பாவிக்கலாம், எதை ஒருபோதும் அதில் ஒட்டக் கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று எழுதுங்கள். அந்தத் தாளில் முதலில் முதலாளி கையெழுத்திடட்டும், பிறகு ஊழியர்கள்.