பெரிய நெகட்டிவ் இருந்தால் பெரிய பிரிண்ட்தான் போட வேண்டுமா?

நண்பர் ஒருவர் 4×5 அங்குல ஃபிலிம் போடுகிற லார்ஜ் ஃபார்மட் கேமராவில், கறுப்பு வெள்ளையில், காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் வளவை, அதாவது நடு முற்றத்துப் பகுதியை, எடுத்திருக்கிறார். "ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டப்போகிறேன். அதிகபட்சம் எவ்வளவு பெரிதாகப் போடலாம்? கண்ணாடி போட்ட ஃப்ரேமா, அக்ரிலிக்கா?" என்று கேட்கிறார்.

முதலில் நெகட்டிவ் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துவிடுவோம். பிரிண்ட் போட நெகட்டிவை முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும். வீட்டில் வைத்துக்கொள்கிற நல்ல ஃபிளாட்பெட் ஸ்கேனரில் உண்மையான விவரம் 2000 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) சுமாருக்குத்தான் கிடைக்கும். பெட்டியில் 6400 என்று போட்டிருப்பார்கள், அது இருக்கட்டும். 2000 என்றே வைத்தாலும் 4×5 நெகட்டிவில் 8,000க்கு 10,000, அதாவது 8 கோடி பிக்சல் வந்துவிடும். 300 டிபிஐ-யில் பிரிண்ட் போட்டால் ஏறத்தாழ 26×33 அங்குலம். பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. 200 போதும் என்றால் 40×50 வரை போகலாம்.

சரி, தாங்குகிறது என்பதற்காகப் போட்டுவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க இயற்கைக் காட்சிப் படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் ஹெர்னாண்டஸ் என்ற ஊரில் எடுத்த புகழ்பெற்ற நிலவுப் படம் 8×10 நெகட்டிவ். அதை அவர் 16×20 அளவில் நிறையப் போட்டிருக்கிறார். நீளத்தில் வெறும் இரண்டு மடங்கு. இன்னொரு அமெரிக்கப் படக்காரர் எட்வர்ட் வெஸ்டன் அதுகூடப் போகவில்லை, 8×10 நெகட்டிவைக் காகிதத்தின் மேலேயே வைத்துக் காண்டாக்ட் பிரிண்ட் எடுத்தார். கையில் வைத்துப் பார்க்கிற அளவு.

ஜெர்மனியில் இன்னும் சுவாரசியம். பெர்ன்ட் பெகர், ஹில்லா பெகர் தம்பதி தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பெரிய ஃபார்மட் கேமராவில் எடுத்துத் தள்ளியவர்கள். பிரிண்ட் என்னவோ சின்னதுதான். ஒரே வகைக் கட்டடங்களை ஒன்பது, பன்னிரண்டு என்று வரிசையாகக் கட்டம் கட்டி மாட்டுவார்கள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கண் தேட வேண்டும், அதற்கு எல்லாம் ஒரே பார்வையில் அடங்க வேண்டும். டுசல்டார்ஃப் நகரில் பெர்ன்ட் பெகரிடம் படித்த தாமஸ் ருஃப், பாஸ்போர்ட் படம் போன்ற முகங்களை முதலில் சின்னதாகத்தான் போட்டார். 1986 வாக்கில் அதே மாதிரி முகங்களை 2 மீட்டருக்கு மேல் உயரமாகப் போட ஆரம்பித்தார். கிட்டே போனால் தோலின் துளை தெரியும், ஆளைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியாது. அளவு மாறியதும் படம் சொல்லும் விஷயமே மாறிவிட்டது.

அதனால் நண்பரிடம் நான் கேட்பது, பார்ப்பவர் எங்கே நிற்பார்? சோபா முன்னால் இருந்தால் யாரும் மூன்றடிக்குள் வர முடியாது. பெரும்பாலும் எதிரே உட்கார்ந்து எட்டடி, பத்தடியில் இருந்துதான் பார்ப்பார்கள். ஐந்தடி தூரத்துக்கே 100 டிபிஐ தாராளம். அந்த இடத்தில் 8 கோடி பிக்சலுக்கு வேலையே இல்லை! தூணில் உள்ள செதுக்கலை மக்கள் கிட்டே வந்து பார்க்க வேண்டும் என்றால், சோபாவை விட்டுவிட்டு நடையில் மாட்டுங்கள். அங்கே 16×20 போதும். சோபாவுக்கு மேலேதான் என்றால் 24×30 போடுங்கள்.

20×30 வேண்டாம். கடையில் அந்த அளவைத்தான் சட்டென்று சொல்வார்கள், அது டிஜிட்டல் கேமராவின் 2:3 விகிதம். உங்கள் நெகட்டிவ் 4:5. 30 அங்குல அகலத்துக்கு 24 உயரம் வேண்டும், 20 என்றால் 4 அங்குலம் வெட்டுப்படும். ஒன்று மேலே உத்தரம் போகும், இல்லை கீழே ஆத்தங்குடி ஓடு பதித்த தரை போகும். ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் பழைய செய்தித்தாளை 24×30 அளவுக்கு ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். படத்தில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் அதே பெருக்கத்தில் 8×10 காகிதத்தில் சோதனைப் பிரிண்ட் போட்டும் பார்க்கலாம், செலவு கம்மி.

இப்போது கண்ணாடி. என் ஓட்டு கண்ணாடி ஃப்ரேமுக்குத்தான். பிரிண்டின் முகத்தை அக்ரிலிக் என்கிற தெளிந்த பிளாஸ்டிக் தகட்டோடு ஒட்டுகிற முறையில் வண்ணப் படம் பளபளவென்று எழுந்து வரும், உண்மைதான். ஆனால் ஒட்டினால் ஒட்டியதுதான், திரும்பப் பிரிக்க முடியாது. துடைக்கும்போது கீறலும் விழும். மேட் காகிதத்தில் போட்ட கறுப்பு வெள்ளையை அப்படி ஒட்டினால் காகிதத்தின் தன்மையே போய்விடும்.

ஃப்ரேம் கடையில் "எதிரொளிக்காத கண்ணாடி" என்று சொரசொரப்பான மேட் கண்ணாடி ஒன்றைக் காட்டுவார்கள். அது படத்தோடு ஒட்டியிருக்கும்வரை பரவாயில்லை, சற்று விலகினாலே நுண்ணிய விவரம் மங்கிவிடும். இவ்வளவு மெனக்கெட்டு லார்ஜ் ஃபார்மட்டில் எடுத்ததே அந்த விவரத்துக்காகத்தானே? ஒட்டி வைக்கலாம் என்றால் அதுவும் ஆகாது, மழைக்காலத்து ஈரத்தில் பிரிண்ட் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். ஆகவே நடுவில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கிற தடித்த அட்டை) கட்டாயம். எதிரொளியைக் குறைக்கும் பூச்சுப் பூசிய மியூசியம் கண்ணாடி கட்டுப்படியாகும் என்றால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் சாதாரணக் கண்ணாடி போட்டு, ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். மவுண்ட் சேர்த்து 30×36 என்று வைத்தால் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 5 கிலோவுக்கு மேல் வரும். ஒற்றை ஆணி போதாது, இரண்டு இடத்தில் பிளக் அடித்து மாட்டுங்கள். பின்பக்கம் கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் துண்டு ஒட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே காற்று போகும், சுவரின் ஓதம் படத்துக்கு ஏறாது.