ஹார்மோன் மாத்திரை போட்டா மார்பகப் புற்றுநோய் வருமா?

எல்லாருக்கும் வணக்கம். மாதவிடாய் நின்னதுக்கப்புறம் திடீர் திடீர்னு உடம்பெல்லாம் அனல் அடிக்கும், ராத்திரி வேர்த்துக் கொட்டித் தூக்கம் போயிடும். டாக்டர் ஹார்மோன் எழுதிக் குடுத்தா, போடலாமா வேணாமான்னு ஒரே பயம். முதல்ல அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மட்டுமா, கூடவே புரோஜெஸ்டின்ங்கற இன்னொரு ஹார்மோனும் இருக்கா? பாதி பதில் அங்கேயே இருக்கு.

பயம் கிளம்பினது 2002-ல. அமெரிக்காவுல விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வுல, ரெண்டும் சேர்ந்த மாத்திரையால மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுதுன்னு வந்துச்சு. கேட்டா நாலுல ஒருத்தருக்கு வந்துடும் போலத் தோணும். அப்படி இல்லைங்க. 10,000 பேரை எடுத்துக்கிட்டா, மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவங்கள்ல வருஷத்துக்கு 30 பேருக்கு வந்துச்சு, ஹார்மோன் போட்டவங்கள்ல 38. கூடினது 8 பேர். ஆய்வுல சேர்ந்தவங்களோட சராசரி வயசும் 63, மாதவிடாய் நிக்கற வயசை எப்பவோ தாண்டினவங்க.

அதுக்காக இதை அலட்சியமா விடவும் முடியாது. வருஷம் ஏற ஏற ஆபத்தும் ஏறுது. 2019-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த கணக்குப்படி, 50 வயசுல ஆரம்பிச்சு 5 வருஷம் ரெண்டையும் தினமும் எடுத்தா, 69 வயசுக்குள்ள 50 பேர்ல ஒருத்தருக்குக் கூடுதலா வரும். ஈஸ்ட்ரோஜன் மட்டும்னா 200-ல ஒருத்தர்.

"அப்போ ஈஸ்ட்ரோஜனை மட்டும் போட்டுக்கறேனே"ன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. கர்ப்பப்பை இருந்தா, தனி ஈஸ்ட்ரோஜன் அதோட உள்சவ்வைத் தடிக்க வெச்சு அங்கே புற்றுநோயைக் கொண்டு வரலாம். அதைத் தடுக்கத்தான் கூடவே புரோஜெஸ்டினோ, அதே வேலையைச் செய்யற புரோஜெஸ்ட்ரோனோ குடுக்கறாங்க. புரோஜெஸ்ட்ரோன் மாத்திரை தூக்கக் கலக்கம் தருதுன்னு நிறைய பேர் அதை மட்டும் விட்டுடறாங்க. தப்பு. படுக்கப் போகும்போது போடச் சொல்றதே அதனாலதான். இடையில ரத்தம் பட்டா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

பிறப்புறுப்பு வறட்சிக்குப் போடற ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வேற கணக்கு. ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம்.

ஏற்கெனவே மார்பகப் புற்றுநோய் வந்தவங்களுக்கு ஹார்மோன் மாத்திரை பொதுவா குடுக்கறதில்லை. ஹேபிட்ஸ்னு ஒரு ஆய்வு, நோய் திரும்ப வர்றது கூடுதுன்னு பாதியிலேயே நிறுத்தினாங்க. அனலுக்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் மாதிரி ஹார்மோன் இல்லாத மருந்து இருக்கு. ஆனா மார்பகப் புற்றுநோய் திரும்ப வராம இருக்க டமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு, அனலுக்குக் குடுக்கற இன்னொரு மருந்தான பராக்ஸெடின் வேண்டாம். டமாக்ஸிஃபெனை வேலை செய்ய வைக்கிற கல்லீரல் நொதியையே அது மடக்கிடும்.