மீனின் வயிற்றுப் புழு: வடிவாகப் பார்த்த பிறகே மருந்து

வணக்கம் நேயர்களே.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று வன்னியில் எங்கே போனாலும் இப்போது விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டியோ முற்றத்தில் ஒரு சீமெந்துத் தொட்டியோ கண்ணில் படுகிறது. கப்பி, மொலி, பைட்டர், ஏஞ்சல், தங்கமீன் எல்லாம் வளர்க்கிறார்கள். சில வீடுகளில் பிள்ளைகளின் விருப்பத்துக்கு, சில வீடுகளில் குஞ்சு விற்றுக் கைச்செலவைப் பார்க்க. இவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா மெலிஞ்சுகொண்டே போகுது. என்ன மருந்து போடலாம்?"

மருந்துக்குப் பிறகு வருவோம். முதலில் மீனை வடிவாகப் பார்க்க வேண்டும். காலையில் தீனி போட முன்பு தொட்டிக்குக் கிட்ட இருந்து, மீனின் வயிற்றையும் மலவாயையும் கவனியுங்கள். சுகமான மீனின் கழிவு தின்ற தீனியின் நிறத்தில் இருக்கும், கட்டையாக உடைந்து விழும். வெள்ளையாக, சளி மாதிரி, நீளமாக இழுபட்டுக்கொண்டு தொங்கினால் குடலில் ஏதோ கோளாறு. ஆனால் அதை மட்டும் வைத்துப் புழு என்று முடிவு கட்டக்கூடாது. கொழும்பிலிருந்து பையில் அடைபட்டு, ஒன்றிரண்டு நாள் பட்டினி கிடந்து வந்த மீனும் வெள்ளையாகத்தான் கழிக்கும். தீனி எடுக்கத் தொடங்கியதும் அது தானாகச் சரியாகிவிடும். தீனி எடுத்தும் பல நாள் வெள்ளையாகவே போகிறது, வயிறு உள்ளே ஒட்டுகிறது, தலைக்குப் பின்னால் முதுகுச் சதை வற்றுகிறது, தீனியை வாயில் எடுத்துத் துப்புகிறது என்றால் அப்போது சந்தேகப்படுங்கள்.

கண்ணால் பார்த்தே பிடிக்கக்கூடிய புழு ஒன்று உண்டு. கமலானஸ் என்பது அதன் பெயர். கப்பி, மொலி வளர்ப்பவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மீன் அசையாமல் நிற்கும்போது மலவாயிலிருந்து இரண்டு மூன்று மெல்லிய சிவப்புப் புழுக்கள் சில மில்லிமீற்றர் நீளத்துக்கு வெளியே எட்டிப்பார்க்கும். மீன் திடுக்கிட்டு நீந்தினால் உள்ளே இழுபட்டுவிடும். அதனால்தான் பலர் காண்பதில்லை. குடல் சுவரைக் கவ்விப் பிடித்து இரத்தம் குடிப்பதால் வந்த சிவப்பு அது. பெண் புழு முட்டை இடுவதில்லை, உயிருள்ள குஞ்சுகளைத் தண்ணீருக்குள் விடும். அவை கோப்பிபொட் என்ற, கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீருயிருக்குள் போய் வளர்ந்து, அதைத் தின்னும் மீனுக்குள் மறுபடி புகும். தொட்டிக்குள் கோப்பிபொட் இல்லாமலே மீனுக்கு மீன் தொற்றவும் முடியும். ஆகவே ஒரு மீனில் கண்டால் அந்தத் தொட்டி மீன் எல்லாவற்றுக்கும் மருந்து வேண்டும்.

ஏஞ்சல், டிஸ்கஸ், ஒஸ்கார் போன்றவற்றில் வேறு கதை. ஸ்பைரோநியூக்கிளியஸ் என்ற ஒற்றைக்கல உயிர் குடலைத் தாக்கும். நுணுக்குக்காட்டி இல்லாமல் அதைக் காண முடியாது. மீன் கறுத்து, மூலையில் ஒதுங்கி, வெள்ளையாகக் கழிக்கும். பக்கத்துப் பாடசாலையில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர் யாரையாவது தெரிந்தால் கேட்டுப்பாருங்கள். இப்போதுதான் விழுந்த கழிவில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மூடி, உடனே பார்க்க வேண்டும். மிக வேகமாக ஓடித் திரியும் சிறு உயிர்கள் நிறையத் தெரிந்தால் சந்தேகம் பலமாகிறது. ஆறிப் பழசான கழிவில் தேடிப் பயனில்லை.

அடுத்தது உப்பு. வருத்தம் என்றதும் ஒரு பிடி ஆனையிறவு உப்பைப் போடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். தோலில் வரும் வெள்ளைப்புள்ளி நோய் சிலவற்றுக்கு உப்பு உதவும். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு அது போய்ச் சேராது. மஞ்சளும் அப்படித்தான். உப்பைக் கூட்டிக்கூட்டிப் போட்டு நாளைக் கடத்துவதில் மீன்தான் போகும்.

சரி, மருந்து. கமலானஸ் போன்ற உருளைப்புழுவுக்கு லெவமிசோல். ஆடு மாட்டுக்குப் பூச்சிக்குக் கொடுக்கும் அதே மருந்து என்றபடியால் உங்கள் பகுதி மிருக வைத்தியருக்கு நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்டே வாங்குங்கள். போத்தலின் லேபலைக் கட்டாயம் வாசியுங்கள், ஏனென்றால் கால்நடை மருந்துகள் சிலவற்றில் லெவமிசோலோடு ஈரல் தட்டைப்புழுவுக்கான ஒக்சிகுளோசனைட்டும் கலந்திருக்கும். அந்தக் கலவை தொட்டிக்கு வேண்டாம். அளவு, லீற்றருக்கு 2 மில்லிகிராம், 24 மணித்தியாலம். ஒரு கன அடித் தண்ணீர் ஏறக்குறைய 28 லீற்றர். இரண்டு அடி நீளம், ஒரு அடி அகலத் தொட்டியில் பத்து அங்குலத் தண்ணீர் என்றால், கல்லையும் கழித்து 45 லீற்றர் வரும், அதற்கு 90 மில்லிகிராம். 10 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியென்றால் ஊசி இல்லாத சிரிஞ்சில் 0.9 மில்லிலீற்றர். கண் மட்டத்துக்குப் போத்தல் மூடியால் ஊற்றும் வேலை கூடாது.

மருந்து போடமுன் அடி அழுக்கை எடுத்து, பில்ரரில் கரி இருந்தால் கழற்றிவிடுங்கள். லைற்றை அணைத்துத் தொட்டியை மூடிவையுங்கள். எங்கள் வெக்கையில் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, ஆகவே காற்று மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இந்த மருந்து புழுவைக் கொல்வதை விட மரத்துப்போகச் செய்கிறது. மீன் அதை வெளியே தள்ளிவிடும். அடுத்த நாள் அடியைக் குழாயால் நன்றாக உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீரையாவது மாற்றாவிட்டால் கீழே கிடப்பதை மீன் திரும்பத் தின்னும். இந்தச் சுத்தம்தான் வைத்தியத்தின் பாதி. இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறையும் போட வேண்டும்.

நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல். ஸ்பைரோநியூக்கிளியசுக்கு மெற்றோனிடசோல். மீன் தின்னுமென்றால் வைத்தியர் சொல்லும் அளவில் தீனியோடு சேர்த்துக் கொடுப்பது திறம். தின்னாவிட்டால்தான் தண்ணீரில், 30 லீற்றருக்கு 200 மில்லிகிராம் கணக்கில், இடையிடையே தண்ணீர் மாற்றி மூன்று தடவை. வீட்டில் யாருக்கோ வாங்கி மிஞ்சிய குளிசையை எடுத்துப் போடாதீர்கள். மெற்றோனிடசோல் கமலானசை ஒன்றும் செய்யாது, லெவமிசோல் ஸ்பைரோநியூக்கிளியசை ஒன்றும் செய்யாது. பார்த்த பிறகே மருந்து என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

எந்த மருந்துக்கும் கேட்காமல் மெலிந்து முள்ளந்தண்டும் வளைந்தால் அது மீன் காசநோயாக இருக்கலாம். மனிதரின் தோலிலும் புண் உண்டாக்கும் கிருமி அது. கையில் காயத்தோடு தொட்டிக்குள் கை விடாதீர்கள்.

புதிதாக வாங்கும் மீனை மூன்று நான்கு வாரம் தனித் தொட்டியில், தனி வலையோடு வையுங்கள். மாரியில் குளத்து ஓரத்தில் துணியால் வடித்து எடுக்கும் உயிர்த்தீனியில் கோப்பிபொட்டும் சேர்ந்து வரும். அதற்குப் பதிலாக ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் முட்டையைக் குஞ்சு பொரிக்கவைத்துக் கொடுக்கலாம். நுளம்புக் குடம்பி வளர்க்கப் போக வேண்டாம், டெங்கு வரும்.

மருந்துத் தண்ணீரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல் தூரத்து வெறும் மண்ணில் ஊற்றுங்கள். பல மீன்கள் தொடர்ந்து செத்தால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் மீன் நோய்களை ஆராய்கிறார்கள், உங்கள் மிருக வைத்தியர் ஊடாகத் தொடர்புகொள்ளலாம். செத்த மீன் வன்னி வெயிலில் சில மணித்தியாலத்தில் அழுகிவிடும். செத்த உடனே பையில் கட்டி ஐஸின் மேல் வைத்துக் கொண்டுபோங்கள், உறையவைத்தால் பரிசோதிப்பது கஷ்டம்.

நன்றி, வணக்கம்.