வருணனைக் கட்டுரையில் காட்சி ஏன் கண்முன் வரவில்லை? – சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு மாணவி அனுப்பியிருக்காங்க. "‘மழை பெய்த ஒரு மாலை’ங்கிற தலைப்புல 300 சொல்லுக்குள்ள வருணனைக் கட்டுரை எழுதினேன். ஐம்புலனையும் சேர்த்தேன், உவமையும் போட்டேன். ஆனாலும் ‘காட்சி கண்முன் வரவில்லை’ன்னு திருத்திக் கொடுத்துட்டாங்க. எங்கே தப்பு?" கூடவே முதல் பத்தியையும் அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன், கேளுங்க.

"அழகான மாலைப் பொழுது. வானம் கருமேகங்களால் சூழப்பட்டிருந்தது. திடீரென்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளிர்ந்த காற்று மெல்ல வீசியது. மண்வாசனை மூக்கைத் துளைத்தது. மரங்கள் பச்சைப் பசேலெனக் காட்சியளித்தன. மழைத்துளிகள் முத்துகள் போல விழுந்தன. மொத்தத்தில் அது ஒரு கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது."

இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்ல. மொழி கைவசம் இருக்கிற பிள்ளைதான். அப்புறம் ஏன் காட்சி வரல? இதைப் பார்க்கிறவர் எங்கே நிக்கிறார்னு கேட்டுப் பாருங்க, பதில் கிடைக்காது. வீட்டு ஜன்னலா, நடுத்தெருவா, மரத்தடியா? நிக்கிற இடம் இல்லாததால, மழைன்னா ஞாபகத்துக்கு வர்ற எல்லாமே வரிசையா உள்ளே வந்துடுச்சு. நேர்ல பார்த்து எழுதின மாதிரி இல்லாம, மழையைப் பத்திக் கேள்விப்பட்டதை எழுதின மாதிரி ஆயிடுச்சு.

அந்த மண்வாசனையையே எடுத்துக்குங்க. மண்ணுல வாழ்ற நுண்ணுயிரிகள் உண்டாக்குற ஜியோஸ்மின்ங்கிற பொருள்தான் அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். காஞ்ச மண்ணுல துளி விழும்போது சின்னச் சின்னக் குமிழ் கிளம்பி உடையும், அதோட அந்த வாசனை காத்துல ஏறும். தூறலுக்கும் மிதமான மழைக்கும் இது நல்லா நடக்கும். அடிச்சுப் பெய்யிற மழையில குறைஞ்சுடும். இந்தப் பத்தியில மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டினதுக்கு அப்புறம் மண்வாசனை வருது. படிக்கிறவருக்கு இந்த விஞ்ஞானம் தெரிய வேண்டியதில்ல. ஆனா மழையில நின்ன அனுபவம் எல்லாருக்கும் உண்டு. வரிசை மாறினா மனசு ஒட்டாது. காத்தும் அப்படித்தான். கொட்டுற மழைக்கு நடுவுல ‘மெல்ல’ வீசுது. கருமேகம் மூடின வெளிச்சத்துல மரம் பச்சைப் பசேல்னு தெரியாது, கரும்பச்சையா, பாதி நிழலாத்தான் தெரியும்.

சரி, எப்படித் திருத்துறது? கட்டுரையைத் தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதுங்க. அது உங்களுக்கு மட்டும், கட்டுரையில வராது. எங்கே, எப்போ, என்ன உணர்வு, இந்த மூணும் அதுல இருக்கணும். நம்ம இலக்கணத்துல முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்னு படிச்சிருப்பீங்க. முதற்பொருள்னா நிலமும் பொழுதும். கருப்பொருள் அங்கே இருக்கிற பொருள்கள். உரிப்பொருள் அந்த இடத்துக்கு உரிய உணர்வு. மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குற பாடமாவே இதை வெச்சிருக்கோம். ஆனா வருணனை எழுத இதைவிட நல்ல சட்டகம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. பொழுதைப் பாருங்க, சிறுபொழுதுல எற்பாடும் மாலையும் தனித்தனி. வெயில் சாயிற நேரம் வேற, இருட்டு இறங்குற நேரம் வேற. ‘மாலை’ன்னு பொதுவா வெச்சா வெளிச்சம் எவ்வளவுன்னு உங்களுக்கே தெரியாது. வெளிச்சம் தெரியாம நிறத்தை எப்படி எழுதுவீங்க?

இந்தத் தலைப்புக்கு அந்த வரி இப்படி இருக்கலாம்: "பேருந்து நிறுத்தத்தின் தகரக் கூரைக்கு அடியில், மாலை ஆறு மணி, பேருந்து வருமா என்ற தவிப்பு." இனிமே இந்தத் தவிப்புதான் சல்லடை. பேருந்துக்காகத் தவிக்கிறவர் கண்ணு சாலை வளைவுக்குப் போகும், கடிகாரத்துக்குப் போகும், நனையுற செருப்புக்குப் போகும். எதிர்வீட்டுச் செடியில பூத்த பூவுக்குப் போகாது. அந்தப் பூ எவ்வளவு அழகா இருந்தாலும் வெட்டிடுங்க. அஞ்சு நிமிஷத்துல பதினைஞ்சு விவரம் எழுதிட்டு, அதுல ஆறோ ஏழோ மட்டும் வெச்சுக்குங்க. எழுதத் தெரிஞ்ச பிள்ளைங்க தடுமாறுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான், வெட்ட மனசு வராது.

இப்ப அதே பத்தியை இந்த வரியை வெச்சு மாத்திப் படிக்கிறேன்.

"ஆறு மணிக்கே தெருவிளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன. முதல் தூறலில் புழுதியிலிருந்து கிளம்பிய வாசனை, மழை வலுத்ததும் அடங்கிப்போனது. தலைக்கு மேல் தகரம் சடசடத்தது. பக்கத்தில் நின்றவர் ஏதோ கேட்டார். உதடு அசைந்தது மட்டுமே தெரிந்தது. கூரை விளிம்பில் வழிந்த நீர் செருப்பின் முனையை நனைக்க, ஓரடி பின்னால் நகர்ந்தேன். முதுகில் சுவர் சில்லென்று பட்டது. சாலை வளைவில் இரண்டு வெளிச்சங்கள். எல்லோரும் எட்டிப் பார்த்தோம். லாரி."

‘அழகான’ங்கிற சொல் இதுல இல்ல. உவமை ஒண்ணுகூட இல்ல. தவிப்புங்கிற சொல்லும் இல்ல, ஆனா கடைசிச் சொல்லுல தவிப்பு வந்துடுது. மழை எவ்வளவு பலம்னு நேரா சொல்லல. பக்கத்துல நிக்கிறவர் பேசுறதே கேக்கலைன்னு சொன்னா போதும், அளவு புரிஞ்சுடும். புலன்னு பார்த்தா பார்வை, ஓசை, வாசனை, தொடு உணர்வு நாலுதான் இருக்கு. சுவை இல்ல. வர வேண்டியதும் இல்ல. ஐம்புலனையும் நிரப்பியே ஆகணும்னு ‘மழைநீரைச் சுவைத்தேன்’னு எழுதாதீங்க.

உவமைக்கு வருவோம். தொல்காப்பிய உவமவியல் உவமையை வினை, பயன், மெய், உருன்னு நாலா பிரிக்குது. வினைன்னா செயல், மெய்ன்னா வடிவம், உருன்னா நிறம். உங்க உவமை இதுல எதுல பொருந்துதுன்னு கேளுங்க. துளிக்கு முத்து, வடிவத்துலயும் நிறத்துலயும் சரிதான், அது கம்பியில தொங்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும். நீங்க எழுதினது விழுற துளி. பெரிய மழைத்துளி விநாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்துல இறங்கும், கண்ணுக்குக் கோடாத்தான் தெரியும். அதனால செயல்ல உவமை உடைஞ்சுடுது. 300 சொல்லுக்கு ஒண்ணு ரெண்டு உவமை போதும். அதையும் நீங்க நிக்கிற இடத்திலிருந்தே எடுங்க. பேருந்து நிறுத்தத்துல நிக்கிறவருக்கு முத்தும் பவளமும் ஞாபகம் வர நியாயமில்ல.

அடைமொழி விஷயம் சுருக்கமா சொல்றேன். அழகான, இனிமையான, ரம்மியமான, இதெல்லாம் உங்க தீர்ப்பு, படிக்கிறவர் எதையும் பார்க்க முடியாது. அதுக்குப் பதிலா வினைச்சொல்லைத் தேடுங்க. மழைக்கே தமிழ்ல எத்தனை இருக்கு: தூறும், சாரல் அடிக்கும், பிடிச்சுக்கும், வலுக்கும், வெளுத்து வாங்கும், ஓயும். சரியான வினை விழுந்துட்டா அடைமொழிக்கு வேலையே இருக்காது. இரட்டைக்கிளவியும் அப்படித்தான், எந்தப் பரப்புல எந்த ஓசைன்னு பார்த்துப் போடுங்க. தகரத்துல சடசட, ஓடுற வாய்க்கால்ல சலசல. பத்திக்கு ஒண்ணுக்கு மேல வேண்டாம், காது சலிச்சுடும்.

இன்னொண்ணு, இது தமிழ்ல எழுதுறவங்க முக்கியமா கவனிக்க வேண்டியது. நம்ம வாக்கியம் பெரும்பாலும் வினைமுற்றுல முடியும். அந்த முதல் பத்தியோட முடிவுகளை மட்டும் கேளுங்க: சூழப்பட்டிருந்தது, கொட்டியது, வீசியது, துளைத்தது, காட்சியளித்தன, விழுந்தன, இருந்தது. ஒரே தாளத்துல போகுது, நீளமும் ஏறக்குறைய ஒண்ணுதான். படிக்கிறவருக்குப் பட்டியல் மாதிரி தோணுறதுக்குப் பாதிக் காரணம் இதுதான். ரெண்டு செயலை வினையெச்சத்தால சேருங்க, ஒரு வாக்கியத்தைப் பெயர்ச்சொல்லோட நிறுத்துங்க, நீளமான வாக்கியத்துக்கு அப்புறம் ரெண்டு சொல்லு வாக்கியம் வைங்க. அதுக்காக, ‘நனைந்து நடுங்கி ஓடிவந்து ஒதுங்கி நின்ற பெரியவர்’னு எச்சமா அடுக்கவும் கூடாது. யாரைப் பத்திப் பேசுறோம்னே தெரியாம படிக்கிறவர் காத்திருக்கணும். ரெண்டு எச்சத்தோட நிறுத்திக்குங்க.

முடிவுப் பத்தியில ‘அந்த மாலையை என் வாழ்நாளில் மறக்க முடியாது’ன்னு எழுதுற பழக்கத்தை விட்டுடுங்க. நின்ன இடத்துலயே நின்னு, என்ன மாறிச்சுன்னு காட்டினா போதும். மழை விட்டதா, பேருந்து வந்ததா, கூட்டம் கலைஞ்சதா, ஏதாவது ஒண்ணு. அதே சமயம் கதைக்குள்ள போயிடாதீங்க. பேருந்துல ஏறி, வீட்டுக்குப் போய், அம்மா திட்டினதுவரைக்கும் எழுதினா வருணனை போய் நிகழ்ச்சி விவரிப்பு ஆயிடும்.

தேர்வுல நேரம் எப்படிப் பிரிக்கிறதுன்னும் கேட்டிருக்காங்க. 40 நிமிஷம் இருந்தா, அந்த ஒத்தை வரிக்கும் விவரப் பட்டியலுக்கும் சேர்த்து எட்டு நிமிஷம், எழுத இருபத்தஞ்சு, மீதி ஏழு நிமிஷம் திருத்த. திருத்தும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் விரல் வெச்சுக் கேளுங்க: வேற யாரோட மழைக் கட்டுரையில இதைத் தூக்கிப் போட்டாலும் பொருந்துமா? பொருந்தும்னா, ஒண்ணு வெட்டுங்க, இல்லைன்னா அதுல உங்க இடத்துக்கே உரிய ஒரு பொருளைக் கொண்டாங்க. ‘காற்று வீசியது’ எங்கேயும் பொருந்தும். ‘காற்றில் கால அட்டவணைத் தாள் ஒரு முனை பிய்ந்து படபடத்தது’ அந்த நிறுத்தத்துல மட்டும்தான் பொருந்தும்.

கட்டுரை முழுசையும் இப்ப மாத்த வேண்டாம். அந்த ஒத்தை வரியை மேல எழுதி, கீழே முதல் பத்தியை மட்டும் திருத்தி அனுப்புங்க. எந்த விவரம் அந்த வரிக்கு ஒத்து வருது, எது வெளியே நிக்குதுன்னு அடுத்த காணொளியில ஒவ்வொண்ணா பார்ப்போம்.